எரு நஞ்சான கதை

சீன மொழியில் வீடு என்று பொருள்படும் எழுத்தைப் பிரித்துப் பார்ப்போமானால், மேலே ஒரு கூரையும் அதன் கீழே ஒரு பன்றியும் நமக்குத் தென்படும். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய அந்த எழுத்து எவ்வாறு தோன்றிற்று என்பதைப் பற்றி அறிஞர்கள் பலவாறு விளக்கம் கூறுவார்கள். எனினும், அந்நாட்டுக் குடியானவனுடைய இல்லத்தில் பன்றிக்கு இருந்த இடம் எத்தகையது என்பதற்கு அந்நாட்டு வேளாண்மையின் சரித்திரமே போதிய சாட்சி. அடுக்களையில் மிஞ்சிய கழுநீரும் தவிடும் காய்கறித் தோலும் பன்றிக்கு உணவாயின. பன்றியின் சாணம் வயலுக்கு எருவாயிற்று. வயலில் விளைந்த தானியம் மீண்டும் அடுக்களைக்கே வந்து சேர்ந்தது. புத்தாண்டுத் திருநாளை ஒட்டி அந்தப் பன்றி இறைச்சியாயிற்று என்பது உண்மையே. ஆனால் அதுவரையில், ஆண்டு முழுவதும், அது அந்தக் குடும்பத்துக்கு ஓர் உரச்சாலையாகவே இருந்து வந்தது.

இந்த ஏற்பாடு சீனத்துக்கு மட்டும் உரியதன்று. 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரசன் வில்லியம் தன் நாட்டின் சொத்துகளையெல்லாம் கணக்கெடுக்கச் செய்தபோது, அதிகாரிகள் பல பகுதிகளில் காட்டின் பரப்பை அடியாலும் கோலாலும் அளக்காமல், அந்தக் காட்டு மரங்களின் கொட்டைகளைத் தின்று எத்தனை பன்றிகள் பிழைக்கக்கூடும் என்பதைக்கொண்டே குறித்து வைத்தார்கள். நம் நாட்டில் பன்றிக்குக் கிட்டாத இந்தக் கௌரவம் ஆட்டுக்குக் கிட்டிற்று. அறுவடை முடிந்த வயலில் சில இரவுகள் ஆட்டுக்கிடை போடுவதற்காக, நிலத்துக்காரர் ஆட்டு மந்தைக்காரரான கீதாரியை வருந்தி அழைத்து, நெல்லோ பணமோ கொடுத்து உபசரித்த வழக்கம் தஞ்சை, இராமநாதபுரம் சீமைகளில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கிடைக்குக் கொடுக்கும் அந்தக் கூலி உண்மையில் எருவுக்குக் கொடுக்கும் விலையே. நிலம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே பிராணி, பிராணி எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவே விளைவு என்ற நியதியைச் சீனக் குடியானவனும், ஆங்கிலேயக் காட்டுவாசியும், நம் கீதாரியும் ஒருவரையொருவர் அறியாமலே கடைப்பிடித்து வந்தார்கள்.

பன்றி வளர்ப்பு ஒரு பெருந்தொழிலாக மாறிய வரலாறு, இந்த நியதி அறுந்துபோன வரலாறே ஆகும். ஒரு காலத்தில் விலை கொடுத்து வாங்கப்பட்ட எரு, இரண்டு தலைமுறைக்குள், பணம் கொடுத்தாலும் எவரும் ஏற்க மறுக்கும் நஞ்சாக மாறியது எவ்வாறு என்பதை நிதானமாக ஆராய்வது, பன்றி இறைச்சி உண்பவர்களுக்கு மட்டுமின்றி, அதைக் கையாலும் தொடாதவர்களுக்கும் அவசியமான காரியமாகிவிட்டது. ஏனெனில் இந்தத் தொழிலின் விளைவுகள் ஆற்று நீரிலும், மருந்தின் வலிமையிலும், புதிய நோய்களிலும் வெளிப்படுகின்றன, அவை எவருடைய ஆகார நியமத்தையும் பார்த்துத் தீண்டுவதில்லை.

யந்திரம் முதலில் புகுந்த இடம் கொட்டில் அன்று, கொலைக்களமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி, சிகாகோ நகரங்களில், தலைக்கு மேலே ஓடும் கம்பியில் தொங்கவிடப்பட்ட பன்றியின் உடல் ஒவ்வொரு தொழிலாளியின் முன்னும் நகர்ந்து செல்ல, ஒவ்வொருவரும் ஒரே ஒரு வெட்டை மட்டும் வெட்டும் முறை நிலைபெற்றது. மோட்டார் வண்டிகளை வரிசையில் நகர்த்திப் பூட்டும் யோசனை சிகாகோவின் இறைச்சிச் சாலைகளைப் பார்த்தே பிறந்தது என்று ஹென்றி ஃபோர்டே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் காலத்திலும் பன்றியை வளர்த்தவர் குடியானவரே. பத்து இருபது பன்றிகளைச் சோளக் கொல்லையோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் அவை. ஆயிரக்கணக்கான பன்றிகளை ஒரே கூரையின் கீழ் அடைத்தால் நோய் பரவி அவ்வளவும் மாண்டுபோகும் என்ற அச்சம் அவர்களைத் தடுத்து வந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அந்தத் தடையும் நீங்கிற்று. ஆரியோமைசின் என்ற மருந்தைச் சிறிதளவு தீவனத்தில் கலந்தால் கோழியும் பன்றியும் விரைந்து கொழுக்கின்றன என்று ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற விஞ்ஞானிகள் கண்டது 1950இல் வெளியாயிற்று. மலிந்த மக்காச்சோளமும், சோயாப் பிண்ணாக்கும், சூரிய ஒளி படாத பிராணிக்கு அந்த ஒளிக்கு ஈடாக வைட்டமினும், நோய்க்கு முன்னதாகவே மருந்தும் கிடைத்துவிட்டபின், பன்றிக்கு நிலம் எதற்கு என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

அந்தக் கேள்விக்கு முழு விடையையும் செயலில் காட்டிய பிரதேசம் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம். புகையிலைக்குப் பேர்போன அந்த மாநிலத்தின் கிழக்குத் தாழ்நிலத்தில், புகையிலையின் எதிர்காலம் மங்கத் தொடங்கிய காலத்தில், வெண்டல் மர்ஃபி என்பவர் கோழிப் பண்ணையாளர்களிடையே வழங்கிய ஒப்பந்த முறையைப் பன்றிக்குப் பொருத்தினார். நம் பல்லடத்துக் கறிக்கோழி வளர்ப்போர் நன்கறிந்த முறைதான் அது: குட்டியும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை; கொட்டிலும் கடனும் உழைப்பும் விவசாயியுடையவை. வட கரோலினாவில் மற்றொன்றும் விவசாயியின் தலையில் விழுந்தது. கம்பெனி பன்றியைத் திருப்பி எடுத்துக்கொண்டது, சாணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மர்ஃபி 1980களில் மாநிலச் சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார். 1992இல் ஸ்மித்ஃபீல்டு நிறுவனம் டார் ஹீல் என்னும் சிற்றூரில், ஒரே நாளில் 30,000 பன்றிகளுக்கு மேல் வெட்டக்கூடிய ஒரு மாபெரும் இறைச்சிச் சாலையைத் திறந்தது. 1980களின் இறுதியில் அம்மாநிலத்தில் இருந்த பன்றிகள் சுமார் 25 லட்சம்; பத்தே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஒரு கோடியை நெருங்கியது. டூப்ளின் என்ற ஒரே மாவட்டத்தில் மக்கள் ஏறத்தாழ 50,000 பேர். பன்றிகளோ சுமார் 20 லட்சம். பன்றிகள் பெருகின, வளர்ப்பவர்கள் குறைந்தார்கள். அமெரிக்கா முழுவதிலும் 1980இல் 6 லட்சத்துக்கு மேல் இருந்த பன்றிப் பண்ணைகள் இப்போது ஏறத்தாழ 60,000 மட்டுமே.

அந்தக் கொட்டில்களுக்குள் பிராணியின் வாழ்வு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் மேலே செல்வது நியாயமாகாது. பன்றி மண்ணை மூக்கால் கிளறித் தேடித் தின்னும் இயல்புடையது. நாய்க்குச் சற்றும் குறையாத அறிவுடையது. ஈனும் நேரம் நெருங்கினால் வைக்கோலும் தழையும் வாயால் கவ்விக் கொண்டுவந்து தன் குட்டிகளுக்குப் படுக்கை அமைப்பது. அத்தகைய பிராணி, சினையாக இருக்கும் ஏறத்தாழ 114 நாட்களையும், இரண்டடி அகலமும் ஏழடி நீளமும் கொண்ட இரும்புச் சட்டத்துக்குள், திரும்பிப் படுக்கவும் இயலாமல் கழிக்கும்படி செய்யப்பட்டது. ஈனும் நேரத்தில், வைக்கோலோ மண்ணோ இல்லாத அந்தத் தரையில், இல்லாத படுக்கையை அமைப்பதுபோல் அது காலால் பறிப்பதையும் மூக்கால் தள்ளுவதையும் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நெருக்கத்தால் வெறுப்புற்ற பன்றிகள் ஒன்றன் வாலை ஒன்று கடித்தன; அதற்குக் கண்ட பரிகாரம் நெருக்கத்தைக் குறைப்பதன்று, குட்டியிலேயே வாலை நறுக்கிவிடுவது. 1964இல் ரூத் ஹாரிசன் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதிய 'அனிமல் மெஷின்ஸ்' என்ற நூல் இந்த நிலையை உலகுக்கு எடுத்துரைத்தது. பிரிட்டனில் 1999இல் அந்த இரும்புச் சட்டம் தடை செய்யப்பட்டது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் சினையின் முதல் நான்கு வாரங்கள் நீங்கலாக அது விலக்கப்பட்டது. கலிஃபோர்னியா மக்கள் அதற்கு எதிராக 2018இல் வாக்களித்து இயற்றிய சட்டத்தை 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் நிலைநிறுத்தியது. ஒரு பெண்மணியின் புத்தகத்துக்கும் ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையே 59 ஆண்டுகள் கழிந்தன.

இனி எருவின் கதைக்கு வருவோம். கொட்டிலின் தரை இடைவெளி விட்டு அடுக்கிய சட்டங்களால் ஆனது. சாணமும் மூத்திரமும் அந்த இடைவெளி வழியாகக் கீழே விழ, தண்ணீர் அவற்றை வெளியே உள்ள பெரிய திறந்த குட்டைக்கு அடித்துச் செல்லும். பாக்டீரியாக்களின் செயலால் பல குட்டைகள் இளஞ்சிவப்பாகத் தோன்றும். குட்டை நிரம்பி வரும்போது, அந்தத் திரவத்தை ராட்சதக் குழாய்களால் பக்கத்து வயல்களின் மேல் பீய்ச்சிவிடுவார்கள். முன்பு ஒரு பன்றியின் சாணம் அதற்குத் தீவனம் கொடுத்த நிலத்துக்கே திரும்பிற்று. இப்போதோ தீவனம் வெகு தொலைவிலிருந்து ரயிலில் வருகிறது, சாணம் இங்கேயே தங்கிவிடுகிறது. எங்கோ ஒரு நிலம் ஆண்டுதோறும் தன் சத்தை இழந்து ரசாயன உரத்தை வேண்டி நிற்க, இங்கே ஒரு நிலம் அளவுக்கு மீறிய நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் விழுங்க மாட்டாமல் ஆற்றில் உமிழ்கிறது. ஒன்றுக்குப் பஞ்சமும் மற்றொன்றுக்கு அஜீரணமும் ஒரே காரணத்தால் விளைந்தவை.

1995ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பெருமழைக்குப் பின், வட கரோலினாவின் ஆன்ஸ்லோ மாவட்டத்தில் அத்தகைய குட்டை ஒன்றின் கரை உடைந்து, ஏறத்தாழ 2 கோடியே 50 லட்சம் காலன் கழிவு நியூ ரிவர் என்னும் ஆற்றில் கலந்தது. 1989இல் அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெயின் அளவைப்போல் இது இருமடங்குக்கும் மேல். மீன்கள் செத்து மிதந்தன. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் ராலே நகரத்து 'நியூஸ் அண்டு அப்சர்வர்' நாளிதழ், பன்றித் தொழிலுக்கும் மாநில அரசியலுக்கும் இருந்த உறவையும் அதனால் நீர்நிலைகளுக்கு வந்த கேட்டையும் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டிருந்தது. அந்தப் பணிக்காக 1996இல் அதற்குப் புலிட்சர் விருது கிடைத்தது. 1997இல் புதிய குட்டைகளுக்குத் தற்காலிகத் தடையும், 2007இல் நிரந்தரத் தடையும் வந்தன. ஆனால் ஏற்கெனவே இருந்த ஆயிரக்கணக்கான குட்டைகளை அந்தச் சட்டங்கள் தொடவில்லை. 1999இல் ஃப்ளாய்டு புயலும் 2018இல் ஃப்ளோரன்ஸ் புயலும் அந்தத் தாழ்நிலத்தை வெள்ளக்காடாக்கியபோது, அடைபட்ட பன்றிகள் நீரில் மூழ்கி மாண்டன. குட்டைகள் நிரம்பி வழிந்தன. வெள்ளம் வடிந்த ஊர்களில் எது ஆறு, எது கழிவு என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று.

அந்தக் குட்டைகளின் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் விங் என்ற நோய்ப்பரவலியல் அறிஞர், பண்ணைகள் ஏழைகளும் கறுப்பினத்தவரும் மிகுதியாக வாழும் பகுதிகளிலேயே நெருங்கிக் கிடக்கின்றன என்பதை ஆராய்ந்து நிறுவினார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட முன்னோர் அரும்பாடுபட்டு வாங்கிய துண்டு நிலத்தில் பரம்பரையாக வாழ்ந்த குடும்பங்கள், வாசலில் துணி உலர்த்தவும், திண்ணையில் உட்காரவும், ஞாயிற்றுக்கிழமை விருந்தினரை அழைக்கவும் இயலாமல், சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் அடைந்திருக்க நேர்ந்தது. ஏறத்தாழ 500 பேர் ஸ்மித்ஃபீல்டின் கிளை நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் ஜூரிகள் அடுத்தடுத்து அவர்கள் பக்கம் தீர்ப்புக் கூறினர். ஒரு வழக்கில் விதித்த 47 கோடியே 35 லட்சம் டாலர், தண்டத் தொகைக்கு மாநிலச் சட்டம் வகுத்த வரம்பின்படி 9 கோடியே 40 லட்சமாகக் குறைக்கப்பட்டது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பொறுப்பை உறுதிசெய்ய, அது சமரசத்துக்கு வந்தது. ஆனால் இதற்கிடையே மாநிலச் சட்டசபை, இனி இத்தகைய வழக்குகளைத் தொடுப்பதே கடினம் என்னும்படி சட்டத்தைத் திருத்திவிட்டது.

இந்தச் சரித்திரத்தில் நம் சிந்தனையை அதிகம் கவர வேண்டிய நிகழ்ச்சி, புயலும் அன்று, வழக்கும் அன்று. 2000ஆம் ஆண்டில் மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கும் ஸ்மித்ஃபீல்டு நிறுவனத்துக்கும் ஏற்பட்ட ஓர் உடன்பாடு. திறந்த குட்டைக்கு மாற்றான தொழில்நுட்பங்களை ஆராய நிறுவனம் 1 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்தது. மாநிலப் பல்கலைக்கழகத்து நிபுணர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் சோதித்தார்கள். சில முறைகள் சுற்றுச்சூழல் சோதனையில் தேறின. நாற்றமும் நஞ்சும் நீங்க வழி உண்டு என்று விஞ்ஞானம் சொல்லிவிட்டது. ஆயினும், இருக்கும் பண்ணைகளுக்கு அவை கட்டுபடியாகா என்ற முடிவுடன் அந்த முயற்சி நின்றது, குட்டைகள் நீடித்தன. கட்டுபடியாகாது என்ற அந்த ஒரு சொல்லில்தான் தொழில்முறைப் பன்றி வளர்ப்பின் ரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கழிவைச் சுத்திகரிக்கும் செலவு மறைந்துவிடவில்லை. பண்ணையின் கணக்கில் எழுதினால் கட்டுபடியாகாத அந்தச் செலவு, ஆற்றின் பேரிலும் அண்டை வீட்டார் பேரிலும் எழுதப்பட்டது. கடையில் இறைச்சி மலிவாக இருப்பதற்கு, அந்தச் செலவை வேறொருவர் செலுத்திவிட்டார் என்பதே காரணம். 2013இல் சீனாவின் ஷுவாங்ஹுய் நிறுவனம் ஸ்மித்ஃபீல்டை 470 கோடி டாலருக்கு வாங்கிய பின், இறைச்சியும் லாபமும் கடல் கடந்து செல்ல வழி ஏற்பட்டது. சாணம் மட்டும் டூப்ளினிலேயே தங்கிற்று.

ஆற்றுக்கு நேர்ந்த கதியே மருந்துக்கும் நேர்ந்தது. நோய் வருமுன்பே நாள்தோறும் தீவனத்தில் கலந்து கொடுக்கப்படும் மருந்து, அதற்குப் பணியாத கிருமிகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறது. வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தையும் செயலற்றதாக்கும் மரபணு ஒன்று, சீனத்துப் பன்றிகளிலும் இறைச்சியிலும் மனிதர்களிடத்தும் காணப்பட்ட செய்தி 2015 நவம்பரில் வெளியானபோது மருத்துவ உலகமே திடுக்கிட்டது. ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்கு எளிதில் தாவக்கூடிய மரபணு அது. 2017இல் சீன அரசாங்கம் அந்த மருந்தை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதைத் தடை செய்தது. ஆனால் மரபணு அதற்குள் பல கண்டங்களுக்குப் பரவிவிட்டிருந்தது.

புதிய நோய் பிறப்பதற்கும் பெரும் பண்ணை இடம் கொடுக்கிறது என்பதற்கு, தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் மலேசியாவில் நடந்ததே உதாரணம். ஈப்போவுக்கு அருகில், முப்பதாயிரம் பன்றிகளுக்கு மேல் வளர்ந்த ஒரு பெரும் பண்ணையில், கொட்டில்களை ஒட்டி மாமரங்கள் வைத்திருந்தார்கள். பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்கள் கொட்டிலில் விழுந்தன. அவற்றைத் தின்ற பன்றிகளுக்கு வௌவாலின் வைரஸ் தொற்றியது. பத்துப் பன்றிகள் உள்ள வீட்டில் அது பத்தையும் பாதித்துத் தானே அவிந்திருக்கும். ஆனால் நாள்தோறும் புதிய குட்டிகள் பிறந்துகொண்டிருந்த அந்தப் பண்ணையில், அணையாத அடுப்புக்கு விறகு கிடைப்பதுபோல் அதற்குப் புதிய உடல்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. நோயுற்ற பன்றிகள் லாரியில் ஏறித் தெற்கே நெகிரி செம்பிலான் வரையில் சென்றன. 1998இலும் 1999இலும் ஏறத்தாழ 265 பேர் மூளைக்காய்ச்சலால் தாக்குண்டு, 105 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் சீனப் பண்ணைக்காரர்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால், அந்த வைரஸ் நிப்பா என்று வழங்கலாயிற்று. அதே பெயரை 2018இல் கேரளத்தில் நாம் மீண்டும் கேட்க நேர்ந்தது. அங்கே பன்றியின் தொடர்பின்றியே அது வந்ததாயினும், அந்தக் கிருமியை உலகம் முதன்முதலில் அறிந்தது ஒரு பெரும் பண்ணையின் வாயிலாகத்தான்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் தொழில் பின்வாங்கவில்லை; மேல்நோக்கி வளர்ந்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் சீனாவின் ஷென்யாங் நகரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தோன்றி, ஓராண்டுக்குள் நாடு முழுவதும் பரவி, உலகத்துப் பன்றிகளில் பாதியளவைக் கொண்டிருந்த அந்த நாட்டின் மந்தையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை இல்லாமற் செய்தது. வீட்டுக்கு இரண்டு மூன்று பன்றி வளர்த்த எளியவர்கள் பலர் அன்றோடு தொழிலைவிட்டு நீங்கினார்கள். அந்த இடத்தைப் பெருநிறுவனங்கள் நிரப்பின. ஹூபே மாகாணத்தின் ஏஜோ நகர எல்லையில், சிமெண்டுத் தொழிலில் வளர்ந்த ஒரு நிறுவனம் 26 அடுக்குக் கட்டடம் ஒன்றை எழுப்பி, 2022இல் அதில் பன்றிகளைக் குடியேற்றியது. ஆண்டுக்கு 6 லட்சம் பன்றிகளை உற்பத்தி செய்யும் நோக்கமுடைய அந்த மாளிகையில், மின்தூக்கியில் பன்றிகள் ஏறுகின்றன, ஒவ்வொரு தளத்துக்கும் யந்திரமே தீவனம் கொடுக்கிறது, காற்று வடிகட்டப்படுகிறது, சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். கூரையும் இருக்கிறது, பன்றியும் இருக்கிறது. அந்தப் பழைய எழுத்து குறித்த வீடு மட்டும் அங்கே இல்லை.

இந்த முறையை ஆதரிப்போர் கூறும் வாதங்களையும் நாம் மரியாதையுடன் கேட்க வேண்டும். பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்ட நாடு சீனா; அங்கே ஏழைக் குழந்தையின் கலத்திலும் இன்று இறைச்சி விழுகிறது என்றால், அது அற்ப விஷயமன்று. ஒரு கிலோ இறைச்சிக்கு வேண்டிய தீவனமும் நிலமும் முன்பைவிடக் குறைந்திருக்கின்றன என்பதும் உண்மை. மூடிய கட்டடத்தில் நோய் நுழைவது அரிது என்பதும் பெரும்பாலும் உண்மையே. ஆனால் அரிதாக நுழையும் நோய் ஒருமுறை நுழைந்துவிட்டால், அங்கே அடைபட்டுள்ள பல்லாயிரம் உயிர்களையும் ஒருங்கே வாரிக்கொள்ளும் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறைந்த நிலம் என்பதும் கட்டடத்தின் அடி அளவை மட்டும் அளந்து சொல்வது. அந்தப் பன்றிகளின் தீவனத்துக்காகப் பிரேஸிலில் காடும் புல்வெளியும் சோயா வயலாக மாறியதை அந்த அளவுகோல் காட்டுவதில்லை. எரிவாயு எடுத்த பின்னும் சாணத்தின் நைட்ரஜன் மறைந்துவிடாது. அதை ஏற்கும் வயல் அந்த 26 அடுக்குகளில் ஒன்றிலும் இல்லை.

அப்படியானால் வழியே இல்லையா என்றால், வழி காட்டிய தேசங்கள் உண்டு. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் மருந்து கலப்பதை 1986லேயே தடை செய்த முதல் நாடு ஸ்வீடன். 1988இல் அது இயற்றிய சட்டம் தாய்ப்பன்றியை இரும்புச் சட்டத்துக்குள் அடைப்பதை விலக்கியது. வால் நறுக்குவதற்கும் அங்கே இடமில்லை, வைக்கோல் கொடுத்தாக வேண்டும். டென்மார்க் 1990களின் இறுதியில் அந்த மருந்துகளை நிறுத்தியபோது தொழிலே அழிந்துவிடும் என்று பலர் அஞ்சினார்கள். அழியவில்லை, அதன் பின்னும் உற்பத்தி பெருகவே செய்தது. அனைத்தினும் மேலாக, டென்மார்க்கில் ஒரு சட்டம் உண்டு: ஒரு பண்ணை எத்தனை பிராணிகளை வளர்க்கலாம் என்பது, அவற்றின் எருவைப் பரப்ப அந்தப் பண்ணைக்கு எவ்வளவு நிலம் உரிமையிலோ உடன்பாட்டிலோ இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை அவர்கள் இசைவு விதி என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அங்கும் குறைகள் இல்லாமல் இல்லை. எனினும், நிலம் தாங்கும் அளவே பிராணி என்ற பழைய நியதி, ஒரு நவீன தேசத்தின் சட்டப் புத்தகத்திலும் இடம்பெற முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. ஆனால் ஸ்வீடனின் அனுபவம் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின், தன் குடியானவர்களுக்கு விதித்த தர்மத்தை இறக்குமதி இறைச்சிக்கு விதிக்க அதனால் இயலவில்லை. மலிவான அந்நிய இறைச்சி உள்ளே வர, உள்நாட்டுப் பண்ணைகள் பல மூடப்பட்டன. ஆதலின் தர்மத்தை வளர்ப்பவன்மேல் மட்டும் சுமத்தினால் போதாது. வாங்குபவனும், விற்கும் கடையும், எல்லையில் நிற்கும் சுங்கமும் அதில் பங்கேற்க வேண்டும்.

இந்தியா இந்தப் பாதையின் தொடக்கத்தில் நிற்கிறது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் உள்ள பன்றிகள் 90 லட்சத்துக்குச் சற்று அதிகம். 2012இல் இருந்ததைவிட அது குறைவு. 2020இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அஸ்ஸாமில் புகுந்து, ஒன்றிரண்டு பன்றிகளையே சேமிப்பாக நம்பியிருந்த குடும்பங்களை நிலைகுலையச் செய்தது. அடுத்த ஆண்டிலிருந்து மத்திய அரசாங்கம், 100 தாய்ப்பன்றிகளும் 10 ஆண்பன்றிகளும் கொண்ட பண்ணைக்கு முதலீட்டில் பாதியை, 30 லட்சம் ரூபாய் வரையில் மானியமாகக் கொடுக்க முன்வந்திருக்கிறது. ஊக்கம் கொடுப்பது நல்லதே. தமிழ்நாட்டில் வெண்பன்றி வளர்ப்போர் பலர், நகரத்து ஓட்டல்களும் விடுதிகளும் வீணாக்கும் உணவைச் சேகரித்து வந்து, அதையே தீவனமாக்கி, குப்பையில் அழுகிப் போக வேண்டியதை இறைச்சியாகவும் எருவாகவும் மாற்றுகிறார்கள். சமூகம் அவர்களைத் தாழ்வாகப் பார்த்தாலும், அவர்கள் செய்வது பெரும் தொண்டு. அந்த உணவைக் கொதிக்கவைத்துக் கொடுக்கும் வசதியும், பக்கத்து விவசாயிக்கு எருவைச் சேர்க்கும் ஏற்பாடும், நோய் கண்டால் மறைக்காமல் தெரிவிப்பவருக்குத் தாமதமில்லாத இழப்பீடும் கிடைக்குமானால், இருபது முப்பது பன்றிகள் கொண்ட பண்ணை கௌரவமான ஜீவனமாக நிலைக்கும். மானியம் தலைக்கணக்கைக் கொண்டு மட்டும் வழங்கப்படுமானால், பெரியது மேலும் பெரிதாகும். அதன் முடிவு எத்தகையது என்பதை டூப்ளின் மாவட்டம் நமக்கு முன்னரே எழுதிக் காட்டிவிட்டது.

ஒரு பிராணியை உணவுக்காக வளர்ப்பதா என்பது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. வளர்ப்பதானால் எப்படி வளர்ப்பது என்பது ஊரார் அனைவரையும் பொறுத்தது. பன்றிப் பண்ணையானாலும், கோழிப் பண்ணையானாலும், மாட்டுப் பண்ணையானாலும், அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தில் எத்தனை தலை, எவ்வளவு முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்ற கேள்விகளுக்கு முன்னதாக ஒரு கேள்வியை நம் அதிகாரிகள் கேட்க வேண்டும். அவர்கள் கேட்கத் தவறினால் கிராம சபையில் எழுந்து நின்று நாம் கேட்க வேண்டும். இந்தப் பிராணிகளின் எருவை எந்த வயல் ஏற்கும்? சர்வே எண்ணோடு விடை சொல்ல இயலாத பண்ணைக்கு அனுமதி கொடுக்கலாகாது.